பாலகோபால் வீட்டு உயரம்

பீளமேட்டில் மில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பாலகோபாலின் வீட்டுக்கு இருபது டெலிவரி வண்டிகள் வந்துபோனால் வாசல் தெரு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இறங்கும். பக்கத்து வீடுகள் தெருவோடு சேர்ந்து இறங்கின. அவர் வீடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. பால், மளிகை, மாத்திரை, இஸ்திரித் துணி, ஏசி கழுவுகிறவர், முடிவெட்டுகிறவர் என்று தினமும் இருபது வண்டிக்குக் குறையாது. ஆறு வருஷத்தில் தெரு இருபத்திரண்டு அடி இறங்கிவிட்டது. மாநகராட்சி இன்ஜினியர் டேப் பிடித்து அளந்து, "தெரு சரியாத்தானுங்க இருக்குது, ஊடுதான் ஒசந்துபோச்சு" என்று எழுதிக்கொண்டு போனார். பாலகோபாலுக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி. இரும்புப் படிக்கட்டு வைத்து, மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நாம எதுக்குங்க போகோணும்? ஊரே நம்ம ஊட்டுக்கு வருதில்லீங்க" என்று கீழே போகிறவர்களிடம் சொல்வார். கல்யாணத்துக்குப் பூங்கொத்து, எழவுக்கு மாலை, எல்லாம் போனிலேயே அனுப்புவார். கல்யாணத்துக்கு வராதவனை இந்தப் பக்கத்தில் மன்னித்துவிடுவார்கள். எழவுக்கு வந்து நிற்காதவனை மறக்கவே மாட்டார்கள்.

அது அவர் மனைவி கோமளாவுக்குத் தெரியும். ஈரோட்டில் அவளுடைய அக்கா இறந்த அன்று பையை எடுத்துக்கொண்டு படிவரைக்கும் போனாள்.

"முட்டிவலியோட எங்கே அம்மணி போறே? மாலை போயிருச்சு, பாரு" என்று போனைக் காட்டினார்.

"நாளைக்கு நமக்கு யாருங்க வருவாங்க?"

"இன்னைக்கே பதினெட்டுப் பேர் வந்துட்டுப் போயாச்சு."

அவள் பையை உள்ளே வைத்தாள்.

இந்த வைகாசியில், டிபன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே பாலகோபால் இறந்தார். கோமளா சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் செய்தாள். மதியத்துக்குள் அறுபது மாலைகள் படியேறி வந்தன. கொண்டுவந்தவர்கள் வைத்த கையோடு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். சேர்ந்தாற்போல் இரண்டு பேர் நிற்கவில்லை. பிள்ளையில்லாத வீடு. தூக்க நாலு பேர் வேண்டும். ஆள் வரவழைக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒற்றை எலுமிச்சம்பழமாக, ஒரே நேரத்தில் நான்கு ஆர்டர் போட்டாள்.

பதினோரு நிமிஷத்தில் நான்கு பேர் பழத்தோடு வந்து நின்றார்கள். அதில் ஒருவர் தினமும் மாத்திரை கொண்டுவரும் முஜீப்.

"ஏனுங்கம்மா, சொந்தக்காரங்க?"

"வந்துட்டாங்க கண்ணு" என்று மாலைக் குவியலைக் காட்டினாள்.

முஜீப் மற்ற மூவரையும் பார்த்தார். ஹெல்மெட்டுகளைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுத் தூக்கினார்கள். ஓய்வுபெற்ற பிறகும் மேனேஜர் கனமாகத்தான் இருந்தார். கோமளா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. மயான வண்டியில் ஏற்றி முடித்ததும் நான்கு போன்களும் கத்தின.

"பழம் சேந்துருச்சான்னு கேக்குதுங்கம்மா. ஓடிபி சொல்லோணுங்க" என்றார் முஜீப், தலையைக் குனிந்துகொண்டு.

நான்கு பேருக்கும் நான்கு எண்களைச் சொன்னாள். "சேந்துருச்சுன்னு போட்டுக்கங்க கண்ணு."

மின்மயானத்திலிருந்து அவள் திரும்பியபோது தெரு மூன்று நூல் இறங்கியிருந்தது. அறுபது மாலைக்கு அது சரிதான். படிக்கட்டு தரையைத் தொடாமல் ஆடியது. அடியில் நாளைக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறினாள்.