கோலிங் பெல் சுவிச்

வாசல் நிலையோடு பொருத்தியிருந்த கோலிங் பெல் சுவிச்சை, குணலட்சுமி மீன் வெட்டுகிற கத்தியின் முனையால் கழற்றிக்கொண்டிருந்தாள். சண்டையால் மின்சாரம் நின்று வருடக்கணக்காகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் படலையில் நின்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். சுவிச்சுக்கு உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அதை ஈர்க்கால் கிண்டித் துப்புரவாக்கி, வெள்ளைப் பொத்தானைப் பெருவிரலால் இரண்டு மூன்று தரம் அமத்திப் பார்த்தாள். உள்ளே இருந்த தகடு இன்னும் துள்ளியது.

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்த பரமலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதை ஏன் கழட்டுறன் எண்டு பாக்கிறியளோ? பொறுங்கோ, காட்டுறன்" என்றாள்.

"விடு" என்றார் அவர்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை பாரிசவாதம் அவரின் வலது பக்கத்தை விழுத்திவிட்டுப் போனபோது, வாயில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் விடு, படுக்கவேண்டுமென்றாலும் விடு, கோபம் வந்தாலும் விடு. எந்த விடு எதற்கானது என்று முகத்தைப் பார்த்துக் குணலட்சுமிதான் கண்டுபிடிக்கவேண்டும். பிள்ளைகள் இல்லாத வீடு. அவரோடு கதைப்பதற்கு அவளும், அவளோடு கதைப்பதற்கு அந்த ஒரு சொல்லும் இருந்தன.

அதற்கு முன்னால் அவர் மருதனார்மடச் சந்தியில் வாடகைக்கார் ஓடியவர். கறுப்பு ஒஸ்ரின் கேம்பிறிஜ். கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பகுதியில் அந்தக் காரில் ஏறாத குடும்பம் குறைவு. பெற்றோல் வருவது நின்றபோது மற்றவர்களைப் போல அவரும் காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார். குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. பொனற்றைத் திறந்து, கண்மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்தியிருக்கும் பெற்றோலைக் காபரேற்றரின் வாய்க்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, அந்தக் கணமே ஸ்ராட்டரை அடிக்கவேண்டும். பற்றிக்கொண்டால் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடலாம். தவறினால் பெற்றோல் காற்றோடு போய்விடும். அவர் பொனற்றடியில் நின்று சொட்டு விடுவார், அவள் ஓட்டுநர் இருக்கையில் இருந்து, அவர் "ம்" என்றதும் சாவியைத் திருகுவாள். வேலை முடிந்ததும் இறங்கி அடுப்படிக்குப் போய்விடுவாள். கலியாணம் முடித்த புதிதில் ஆசைக்காகத் தோட்ட வெளியில் அவளுக்குக் கார் ஓடப் பழக்கியிருந்தார். பிறகு அவளைத் தெருவில் ஓட விட்டதில்லை.

கையும் காலும் இறுகிப்போகாமல் இருக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஒழுங்காகக் கொண்டுவந்து பயிற்சி கொடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். முதல் முறை பக்கத்து வீட்டு நாகலிங்கம் அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சால்வையால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு போனான். கோண்டாவிலில் ஒரு பள்ளத்தில் சைக்கிள் சரிந்து இரண்டு பேரும் தெருவில் விழுந்தார்கள். கட்டு அவிழாததால் பரமலிங்கத்தால் எழும்பவும் முடியவில்லை. அவரை அறிந்த சனம் சுற்றி நின்று பார்த்தது. அதற்குப் பிறகு சைக்கிளைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கார் போட்டிக்கோவில் சும்மா நின்றது. குணலட்சுமி தனியாக அதை எடுக்க முயன்று பார்த்தாள். பெற்றோலைச் சொட்டிவிட்டு ஓடிவந்து சாவியைத் திருகுவதற்குள் அது ஆவியாகிவிட்டது. திரும்பத் திரும்ப ஓடினாள். கண்மருந்துப் போத்தல்தான் குறைந்தது. நாகலிங்கம் விறகு ஏற்ற விடியவே போனால் பொழுதுபடத்தான் வருவான். ஒவ்வொரு தரமும் ஆரையாவது படலையில் நின்று கூப்பிட அவளுக்கு விருப்பமில்லை. பொனற்றடியில் நின்றபடியே ஸ்ராட்டரை அடிக்க ஒரு வழி வேண்டும். ஸ்ராட்டரைக் கையால் அமத்துவதற்கென்று பொனற்றுக்குள் ஒரு றப்பர்க் குமிழ் இருந்ததுதான். அது உக்கி இறுகிக் கல்லாகியிருந்தது. ஆனால் ஒருமுறை கராஜில், இளவட்டம் ஒருவன் ஸ்க்ரூ டிறைவரால் இரண்டு முனைகளை முட்டவைத்துக் காரை எழுப்பியதை அவள் பின் இருக்கையில் இருந்து பார்த்திருக்கிறாள். முட்டவைப்பதுதான் விஷயம் என்றால், அதைச் சுவிச் செய்யாதா?

பற்றறியை ஜெனரேற்றர் கடையில் சார்ஜ் ஏற்றிவந்து, கோலிங் பெல்லின் மெல்லிய வயரையே முதலில் பொருத்தினாள். பொத்தானை அமத்தியதும் ஸ்ராட்டர் அரைகுறையாக உறுமியது. வயர் சுருண்டு, உருகி, மணத்தது. பிடுங்கியபோது இரண்டு விரல்களில் கொப்புளம். தடித்த வயர் வேண்டும் என்று அன்றைக்கு விளங்கியது. வீட்டில் தடித்த வயர் என்றால் கிணற்றடி மோட்டருக்குப் போகும் வயர்தான். அதைக் கத்தியால் வெட்டப் போனவள் கொஞ்ச நேரம் கிணற்றடியில் அப்படியே இருந்துவிட்டாள். கறண்ட் வந்ததும் மோட்டர் போடலாம், வாழைக்குத் தண்ணி பாய்ச்சலாம் என்று இவ்வளவு காலமும் அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிறகு வெட்டினாள்.

அடுத்த நாள் காலை அவரைக் கதிரையோடு போட்டிக்கோவுக்கு இழுத்து வந்து இருத்தினாள். ஒரு வயர் பற்றறியில் இருந்து சுவிச்சுக்கு, மற்றது சுவிச்சில் இருந்து ஸ்ராட்டர் முனைக்கு. சுவிச்சைப் பழைய சேலைக் கிழிசலால் பொனற் ஓரத்தில் கட்டியிருந்தாள். சாவியைப் பாதி மட்டும் திருகிவிட்டு வந்து காருக்கு முன்னால் நின்றபோது பரமலிங்கம் இடது கையைத் தூக்கி மேலும் கீழுமாக அசைத்தார்.

"விடு... விடு."

தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ஓடிப்போய் செம்பில் கொண்டுவந்தாள். அவர் அதைத் தட்டிவிட்டார். சேலை நனைந்தது.

"இப்ப என்ன கோவம் உங்களுக்கு? நான் உங்கடை காரைத் தொடக்கூடாதோ?"

அவர் இன்னும் வேகமாகக் கையை அசைத்தார். அவள் பாராமல் திரும்பி, காபரேற்றருக்குள் பெற்றோலைச் சொட்டிவிட்டுப் பொத்தானை அமத்தினாள். கார் பாய்ந்தது. முன் பம்பர் முழங்காலில் அடிக்க, மல்லாக்க மண்ணில் விழுந்தாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அவளின் கால்மாட்டில் நின்றுவிட்டது. கதிரை விழும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஊன்ற ஒரு பொல்லும் இல்லாமல் எழும்பி அவளை நோக்கி வந்த பரமலிங்கம் படியில் குப்புற விழுந்து கிடந்தார்.

அவள் தவழ்ந்து போய் அவரைப் புரட்டினாள். நெற்றியில் மண். மண்ணில் கிடந்தபடியே அவர் அந்த இடது கையை மறுபடியும் மேலும் கீழும் அசைத்தார். இந்த முறை அந்தக் கைக்குள் ஒரு தடி இருப்பது அவளுக்குத் தெரிந்தது. கியர். ஹான்ட் பிறேக் பிடிக்காத கார். அதனால் நிற்பாட்டும்போது அவர் எப்போதும் கியரில் போட்டுத்தான் நிற்பாட்டுவார். இருக்கையில் இருந்து சாவி திருகும்போது கிளச்சை மிதித்தே பழகியவளுக்கு அது நினைவில் இருக்கவில்லை.

"ஐயோ, அதையோ சொன்னனீங்கள்" என்றாள்.

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கோணிய வாயில் இருந்து தெரியவில்லை. அவளுக்கும் தன்னைப் பற்றி அது தெரியவில்லை. இரண்டு பேரும் எழும்ப நேரமெடுத்தது.

கியரை எடுத்து, சில்லுகளுக்குக் கல் அண்டக் கொடுத்து அடுத்த தரம் அமத்தியபோது எஞ்சின் இருமி, வெள்ளைப் புகை கக்கி, பற்றிக்கொண்டது. மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது. பரமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சத்தம் தளும்பிய இடத்தில் விரலை உயர்த்தினார். அவள் எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள். விரல் இறங்கியது.

அப்படித்தான் அவள் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தொடங்கினாள். வலப்பக்கம் சரிந்து அவளின் கையில் விழாமல் இருக்க அவரை இருக்கையோடு சேலையால் கட்டுவாள். மருதனார்மடச் சந்தியைக் கடக்கும்போது, வழக்கமாக அவர் கார் நிற்கும் மரத்தடியில் பழைய சிநேகிதர்கள் கை காட்டுவார்கள். அவர் மற்றப்பக்கம் பார்ப்பார். போய் வரும் வழி முழுக்க அவளை ஒருதரமும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனாலும் பயிற்சி பலித்தது. ஆடி கழிய, பொல்லை ஊன்றிக் காலை இழுத்து இழுத்து விறாந்தையில் நடந்தார். ஒரு நாள் ஆரும் பிடிக்காமல் போட்டிக்கோ வரைக்கும் போய், காரின் மட்காட்டில் கையை வைத்தபடி நின்றார். அடுப்படி யன்னலால் பார்த்த குணலட்சுமி, குழப்பக்கூடாது என்று உள்ளே வந்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்ததில் இருந்து மழையும் ஷெல் சத்தமும் மாறி மாறி வந்தன. வடக்குப் பக்கத்துச் சனம் சாமான் சட்டி முட்டியோடு தெருவால் போய்க்கொண்டிருந்தது. மாத நடுவில் ஒரு பின்னேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்தது. ஆமி நெருங்குகிறது, எல்லாரும் உடனே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று அறிவித்துவிட்டுப் போனது. சத்தம் ஒழுங்கை முடியுமட்டும் கேட்டது.

நாகலிங்கம் மனைவியோடு சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, எல்லாரும் வெளிக்கிடுகினம். றோட்டு முழுக்கச் சனம். கார் அதுக்குள்ளை அசையாது."

"அசையிற மட்டும் அசையட்டும். இந்த மனிசனை நான் வேறை எப்பிடிக் கொண்டுபோறது?"

அவள் அறைக்குள் போய் உடுப்பையும் அரிசியையும் அவரின் மருந்தையும் கட்டினாள். சாமித்தட்டில் இருந்த சிறிய வேலாயுதத்தைச் சேலைக்குள் சுற்றினாள். வெளியே வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.

பரமலிங்கம் பொனற்றடியில் நின்றார். பொனற் திறந்திருந்தது. அவள் பொருத்திய வயர்கள் இழுத்துப் பிடுங்கப்பட்டு இரண்டு பக்கமும் தொங்கின. சுவிச்சைக் காணவில்லை. கிணற்றுக் கட்டு வரைக்கும் போய்த் திரும்பிய அவரின் பொல்லுக் குழிகள் ஈரமண்ணில் பதிந்திருந்தன. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. அவ்வளவு தூரம் அவர் தனியாக நடந்ததில்லை.

"என்ன வேலை செய்தனீங்கள்!" அவள் தொங்கிய வயரைக் கையில் எடுத்தாள். "இதுக்கோ நான் உங்களை நடக்க வைச்சனான்?"

அவர் இடது கையால் நாகலிங்கத்தின் சைக்கிளைக் காட்டினார். பிறகு அவளைக் காட்டினார். பிறகு தெருவை. கடைசியில் கையைத் தன் நெஞ்சில் வைத்து, கதிரைப் பக்கம் அசைத்தார்.

"விடு" என்றார். இவ்வளவு தெளிவாக அவர் அதைச் சொன்னதே இல்லை.

நாகலிங்கம் நிலத்தைப் பார்த்தான். மழை பிசுபிசுத்தது. குணலட்சுமி மூட்டையைக் கீழே வைத்தாள்.

"உங்கடை காரிலை ஏறியிருந்து, விடுங்கோ அண்ணை எண்டு ஊர்ச்சனம் சொல்லுறதில்லையோ. அப்பிடி என்னையும் காரை விடச் சொல்லுறியள் எண்டு நான் எடுக்கிறன். வேறை ஒண்டும் எனக்கு விளங்காது."

அவள் கியரைப் பார்த்தாள். வயர்களை இருந்த முனைகளில் மறுபடி மாட்டினாள். பெற்றோலைச் சொட்டிவிட்டு, சுவிச்சில் இருந்து பிய்ந்த இரண்டு நுனிகளையும் வெறும் விரல்களால் பிடித்து முட்டவைத்தாள். நீலமாகப் பொறி தெறித்தது. கையை எடுக்கவில்லை. எஞ்சின் பற்றிக்கொண்டது. நாகலிங்கமும் மனைவியுமாக அவரைத் தூக்கி ஏற்றினார்கள். அவர் பாரத்தை அவர்களின் கையிலேயே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சேலையால் அவரைக் கட்டினாள், வழக்கத்தைவிட இறுக்கமாக. வீட்டுக் கதவைப் பூட்டிய ஞாபகம் அவளுக்குப் பிறகு வரவே இல்லை.

விடிந்தபோது கார் செம்மணி வெளியில் நின்றது. இரவு முழுக்க அது சனத்தோடு சனமாக ஊர்ந்திருந்தது. நாகலிங்கத்தின் சைக்கிள் எந்த இடத்தில் பின்தங்கியது என்று தெரியவில்லை. பின் இருக்கையில் இப்போது ஆரோ ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியும் அவளின் மாமியாரும் இருந்தார்கள். பொனற்றில் நடக்கமாட்டாத கிழவர் ஒருவர் சாக்கைப் போர்த்துக்கொண்டு இருந்தார். இரண்டு பக்கமும் கடனீரேரி, முன்னாலும் பின்னாலும் தலைகள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சனம் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழையைச் சேர்த்துக் குடித்தது. றேடியேற்றர் கொதித்து ஆவி எழும்பியதும், வைத்திருந்த போத்தல் தண்ணீரைக் குணலட்சுமி அதற்குள் ஊற்றினாள். கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. மண்ணெண்ணெயும் முடிந்திருந்தது.

அவள் ஸ்ரேறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தாள். பின்னால் வந்த சனம், மூட்டையைத் தலையில் வைத்திருந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், ஒரு கையைக் காரில் வைத்துத் தள்ளத் தொடங்கினார்கள். தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒன்றைத் தள்ளாமல் அவர்களும் முன்னே போகமுடியாது. சத்தமில்லாமல் கார் உருண்டது. செருப்புகள் சேற்றில் இழுபடுவது மட்டும் கேட்டது. நாவற்குழிப் பாலத்தின் தொடக்கம் பனிப்புகார் போன்ற மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது.

அவள் இரண்டு கைகளாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிறவர்களின் குதிக்கால்களில் முட்டாமல் காரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பரமலிங்கம் இடது கையை யன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைக் குழித்து வைத்திருந்தார். மழை மெல்ல மெல்லத்தான் அதில் சேர்ந்தது. நெடுநேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு கையை உள்ளே எடுத்து, கட்டியிருந்த சேலைக்கு எதிராக உடம்பைத் திருப்பி, அவளின் வாயருகே கொண்டுவந்தார். வழியிலேயே பாதிக்கு மேல் அவளின் மடியில் சிந்திவிட்டது. அவள் தெருவில் இருந்து கண்ணை எடுக்காமல் முகத்தை மட்டும் கொஞ்சம் சரித்தாள்.