விடு

என் அண்ணனுக்கு இடது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் போனதற்கு நான்தான் காரணம் என்று அவன் நினைக்கிறான். ஒரு சொல்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வாதாடி வாதாடி எனக்குத் தொண்டை வற்றிப்போனதுதான் மிச்சம்.

நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள். பட்டறை அப்பா விட்டுப்போனது. ஒருவன் கூண்டின் மேல் நின்று வேலை பார்ப்பான், இன்னொருவன் மோட்டார் அறையில் பிரேக்கைப் பிடித்திருப்பான். முடிந்ததும் கூண்டின் மேல் இருப்பவன் “விடு” என்று கத்துவான், மோட்டார் அறையில் இருப்பவன் பிரேக்கை விட வேண்டும். அன்று கூண்டின் மேல் அண்ணன், பிரேக்கில் நான். ஒரு நட் மக்கர் பண்ணியது. “நான் வரவாண்ணே?” என்றேன். “விடு” என்றான். அதெல்லாம் வேண்டாம் என்கிற அர்த்தத்தில். நான் பிரேக்கை விட்டேன். கூண்டு நகர்ந்தபோது அவன் கை கப்பியில் இருந்தது.

அதன்பின் ஒரே பட்டறைக்குள் எங்களால் இருக்க முடியவில்லை. இருவருக்கும் போக்கர் சீட்டாட்டப் பைத்தியம் உண்டு. ஊரில் ஒரு போக்கர் போட்டி வந்தது. ஆகவே அந்தப் போட்டியில் யார் முதலில் வெளியேறுகிறானோ அவன் பட்டறையை விட்டுப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். எங்கள் மனைவிமார் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

காலையில் தொண்ணூறு பேர். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரே மேசையில் ஏழு பேர். ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் ஏ.சி. உறுமுவது மோட்டார் அறையை நினைவூட்டியது, எனக்குப் பிடிக்கவில்லை. பந்தயம் கட்ட அண்ணனிடம் ஒரே ஒரு வில்லைதான் மீதம், அதுவும் போனால் அவன் வெளியே. அடுத்த ஆட்டத்தில் கட்டாயமாக அதை வைத்தாக வேண்டிய முறை அவனுடையது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், பட்டறை பெரும்பாலும் என்னுடையது.

அப்போதுதான் எனக்கு இரண்டு ஏஸ் வந்தது.

கைக்கு வரும் முதல் இரண்டு சீட்டுகளில் அதை மிஞ்சியது எதுவும் கிடையாது. காலையில் வந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். இப்போது ஏன்தான் வந்ததோ என்றிருந்தது. எதிரே இருந்த பல் டாக்டர் என்னைவிட இரண்டு மடங்கு வில்லைகள் வைத்திருந்தார். அத்தனையையும் நடுவில் தள்ளினார். மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள், அண்ணனும்தான்.

சேர்ந்தால் என் வில்லைகள் அத்தனையும் உள்ளே போக வேண்டும்; தோற்றால் நான் முதலில் வெளியே. கவிழ்த்தால் ஒன்றும் போகாது. கணக்கு குழந்தைக்கும் புரியும். கவிழ்த்துவிடலாம் என்று என் விரல் சீட்டுகளை முன்னால் தள்ளத் தொடங்கிவிட்டது.

“விடுடா,” என்றான் அண்ணன்.

சீட்டுப் போடும் பெண் திரும்பினாள். “ஆட்டத்துல இல்லாதவங்க பேசக் கூடாது சார்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லார் முன்னாலும் அந்தச் சொல்லா? குத்திக்காட்டுகிறான். இல்லையென்றால் என்னைப் பயமுறுத்திக் கவிழ்க்க வைக்கப் பார்க்கிறான். இவன் சொல்லி நான் கேட்பதா?

“ஆடுறேன்,” என்றேன். அந்த மேசையில் வாயை விட்டு வந்தது வந்ததுதான், திரும்ப எடுக்க முடியாது.

டாக்டரிடம் இரண்டு ஒன்பது. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விழும் ஐந்து சீட்டில் கடைசியாக வந்தது மூன்றாவது ஒன்பது; என் இரண்டு ஏஸும் தோற்று, நான் வெளியே. அவர் என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

ஐந்து நிமிடத்தில் அண்ணனும் வெளியே வந்தான். அந்த ஒற்றை வில்லை அடுத்த ஆட்டத்திலேயே போய்விட்டது. ஐந்து நிமிடம், அவ்வளவுதான் நான் பொறுத்திருக்க வேண்டியது.

“விடுன்னு சொன்னேன்ல,” என்றான்.

“சீண்டுறேன்னு நினைச்சேன்.”

“பட்டறை உன்கிட்டயே இருக்கட்டும்னுதான் சொன்னேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? நீ நம்பல.”

எனக்கு அவமானமாக இருந்தது. “நான் கிளம்புறேண்ணே. நாளைக்கே சாவியைக் குடுத்துடறேன்.”

“எங்க கிளம்புற? பட்டறை இப்ப என்னோடது. யார் இருக்கணும்னு நான் சொல்றேன்.” மூன்று விரலால் ஹெல்மெட் வாரைப் பொறுமையாக மாட்டினான். “நாளைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட். கூண்டு மேல நீ ஏறு. பிரேக்கை நான் பாத்துக்கறேன்.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. என் பத்து விரல்களையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

“வேற சொல் ஏதாவது வச்சுக்கலாமாண்ணே?”

“எதுக்குடா?” என்று வண்டியைக் கிளப்பினான். “பழைய சொல்லே இருக்கட்டும்.”