கார்பட் வீட்டு நடை

கார்பட் வீட்டு நடையில் நின்ற யாரும் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டதில்லை. வீட்டுக்காரி ஈனிட் அதற்கு இடம் கொடுத்ததே இல்லை. தபால்காரரோ பாதிரியாரோ, யார் வந்தாலும் முதலில் நிற்பது வாசலை ஒட்டிய அந்த நடையில்தான். ஒரு குடும்பத்தின் மதிப்பு அங்கேதான் தெரியும் என்பது அவள் எண்ணம். அதனால் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் பெரியதை அங்கே மாட்டி, அதன் வால்வை முழுதாகத் திறந்தே வைத்திருந்தாள்.

"உன் வீட்டுக்குள்ள வந்தா கோட்டைக் கழட்டணும்போல இருக்குடி" என்பாள் பக்கத்து வீட்டு மேவிஸ். அதைக் கேட்க ஈனிட்டுக்குச் சலிக்காது.

அந்தக் குளிர்காலம் அவள் கணவர் கிளிஃபோர்டுக்கு மூச்சுத் திணறல் அதிகமாயிற்று. நாற்பது வருடம் இரும்பு உலையில் வேலை பார்த்த நெஞ்சு. மாடி அறை இருபத்தொரு டிகிரிக்குக் குறையக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மகள் ஜனீன் டார்லிங்டன் நகரிலிருந்து ஓடிவந்தாள்.

"அப்பாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா. கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு."

"கார்பட் வீட்டு ஆம்பளைங்க சொந்தக் கட்டில்லதான் கண்ண மூடியிருக்காங்க. உங்கப்பா எங்கயும் வரமாட்டார்."

நடைச் சுவரில் இருந்த, வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை ஈனிட் இருபத்திரண்டில் வைத்தாள். மாடி ரேடியேட்டரின் வால்வையும் கடைசி எண் வரை திருகித் திறந்துவிட்டாள். இதற்கு மேல் ஒரு மனைவி என்ன செய்ய முடியும்?

"ஈனிட், குளுருது" என்றார் கிளிஃபோர்ட். தலையில் கம்பளித் தொப்பியோடு படுத்திருந்தார்.

"இருபத்திரண்டு. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

"அப்ப என் கட்டிலத் தூக்கி நடையில போடு. நானும் விருந்தாளியா வந்து படுத்துக்கறேன்."

"வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. வியாதிக்காரங்களுக்கு எல்லாமே குளுரத்தான் செய்யும்."

ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கீழே இறங்கிப் போனால் முகத்தில் அனல் அடித்தது. சுவரில் இருபத்திரண்டு என்றுதான் காட்டியது. கருவி பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

பத்து நாள் பொறுத்தார் கிளிஃபோர்ட். பிறகு தானே மகளுக்குப் போன் செய்தார். ஜனீன் காரோடு வந்து அவரைத் தாங்கி இறக்கிக் கொண்டுபோனபோது, ஈனிட் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் வாரம் மகள் வீட்டில் அவர் உயிர் போயிற்று. கல்லறைத் தோட்டத்தில் தாயும் மகளும் குழியின் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 'குளுருதுன்னு பொய் சொல்லி அப்பனை இழுத்துட்டுப் போயிட்டா' என்று ஈனிட் மேவிஸிடம் சொல்லியிருந்தாள். அது தெரு முழுக்கத் தெரியும்.

மார்ச் மாதத்தில் வெந்நீரைக் காய்ச்சி அனுப்பும் பாய்லரைச் சரிபார்க்க மெக்கானிக் ஷாஃப்டோ வந்தார். வீடெல்லாம் சுற்றிவிட்டு நடையில் வந்து நின்று, சுவரையும் ரேடியேட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, மாடி சூடே ஏறாதே?"

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? இந்தத் தெர்மோஸ்டாட் பெட்டிக்கு நடை மட்டும்தாம்மா தெரியும். பக்கத்துலயே இவ்ளோ பெரிய ரேடியேட்டர். நடை சூடானதும் வீடே சூடாயிடுச்சுன்னு நெனச்சு பாய்லரை நிறுத்திடும். மாடிக்குச் சூடு ஏறுறதுக்குள்ள எல்லாம் அடங்கிடும். அங்க வால்வை எவ்வளவு திறந்தாலும் வீண்தான். பனிக்காலத்துல பதினாலு டிகிரியைத் தாண்டியிருக்காது."

ஈனிட் ரேடியேட்டர் பக்கம் திரும்பினாள்.

"இதைக் கொறைச்சு வெச்சா?" அவள் விரல் நடை ரேடியேட்டரைக் காட்டியது.

"கொறைச்சா பாய்லர் விடாம எரியும். மாடி தானா சூடாயிடும். ஒரு திருகல்தாம்மா."

அவர் போனபின் அவளே குனிந்து அந்த வால்வைத் திருகி மூடினாள். ஒரு மணி நேரத்தில் நடை சில்லிட்டது. மாடியில் குழாய்கள் சடசடத்தன. போய்ப் பார்த்தாள். ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை. கட்டிலில் விரித்த போர்வை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

இறங்கிவந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, நடையிலிருந்த போனை எடுத்தாள்.

"ஜனீன், அம்மா பேசறேன்."

மகள் பேசுமுன் ஈனிட்டே தொடர்ந்தாள்.

"உங்கப்பா பொய் சொல்லலடி. மாடி குளிராத்தான் இருந்திருக்கு. என்னாலதான்."

"தெரியும்மா." என்றாள் ஜனீன். "இங்க வந்த அன்னைக்கே அப்பா சொன்னார். 'நம்ம வீடு குளுருதுன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத, உங்கம்மா தாங்கமாட்டா'ன்னார். நான் யார்கிட்டயும் சொல்லல."

ஈனிட் கோட்டின் காலரை இழுத்து மூடிக்கொண்டாள். அப்போது கதவைத் தட்டினாள் மேவிஸ். உள்ளே வந்தவள் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

"என்னடி இது, உன் வீட்டு நடையா இப்படிக் குளுருது?"

"உட்காரு மேவிஸ்" என்றாள் ஈனிட், போனை வைக்காமலே. "ஜனீனைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்."