ஐந்து நிமிடத்தில் எஃப் கார்டு

மேற்கு மாம்பலம் ஷ்ரவணுக்குக் கிதாரில் தெரிந்தது நாலே நாலு கார்டு, அதாவது கம்பிகளை அழுத்திச் சேர்த்து மீட்டுகிற நாலு சுரக்கூட்டு. அந்த நாலை வைத்துக்கொண்டு ஊரிலிருக்கிற சினிமாப் பாட்டையெல்லாம் வாசித்து யூடியூபில் போட்டுவந்தான். பாட்டு முடிந்ததும் கேமராவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, "இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, யார் வேணாலும் கத்துக்கலாம்" என்பான். முப்பதாயிரம் பேர் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பையனுக்குக் குரலும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

வினை எஃப் கார்டு ரூபத்தில் வந்தது. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கிதார் பழகுகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கிதாரைப் பரணில் ஏற்றுவார்கள். ஷ்ரவண் எஃப் வருகிற பாட்டுகளையே ஒதுக்கிவிட்டான். "எஃப் சொல்லிக்கொடுங்க ப்ரோ" என்று வீடியோவுக்கு வீடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல மானம் இடம்கொடுக்கவில்லை. விரலை மட்டும் அழகாக வைத்துக் காட்டி, சத்தத்துக்கு நண்பன் பிரபு வாசித்ததை எடுத்து ஒட்டி, 'ஐந்து நிமிடத்தில் எஃப் கார்டு' என்று தலைப்பும் கொடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, ரசிகர்களை மயிலாப்பூர் பூங்காவுக்கு வரச்சொன்னான். ஐம்பது பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்று பாட்டு வாசித்து, கைதட்டலில் குளிர்ந்துபோயிருந்தவன் முன்னால் தாயம்மா எழுந்து நின்றாள். மந்தைவெளியில் தெருவோரம் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவள். நாற்பத்தைந்து வயது. வாடிக்கை வீட்டில் வேண்டாமென்று தள்ளிவிட்ட கிதார் ஒன்று கையில் இருந்தது.

"தம்பி, உன் வீடியோ பாத்துதான் கத்துக்கினேன். எஃப் சரியா கீதான்னு கேட்டு சொல்லேன்."

வாசித்தாள். ஆறு கம்பியும் கணீரென்று பேசின.

"சூப்பர்க்கா!" என்று அவசரமாகக் கைதட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவப் பார்த்தான்.

"இரு, இரு. நீயும் ஒரு தபா வாசி. ரெண்டும் ஒரே மாதிரி கீதான்னு பாக்கணும்."

ஐம்பது பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஷ்ரவண் விரலை வைத்து அடித்தான். 'டொக்' என்றது. மறுபடி அடித்தான். கடையில் தேங்காய் தட்டிப் பார்க்கிற சத்தம்தான் வந்தது.

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். தாயம்மா அவனை முறைத்துவிட்டு, "கம்பி பழசா பூட்ச்சா தம்பி?" என்று பரிவாகக் கேட்டாள். புண்ணியவதி, தப்பிக்க வழி திறந்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தலை ஆட மறுத்தது.

"கம்பி நல்லாத்தான் இருக்குக்கா. எனக்கு எஃப் வராது."

"அப்ப வீடியோல?"

"விரல் என்னோடது. சத்தம் பிரபுவோடது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாயம்மா சிரிக்கவில்லை.

"நாலு மாசம் தம்பி. அஞ்சு நிமிசத்துல வரும்னு நீ சொன்ன. எனக்கு வரல. நமக்கு மூளையே இல்ல போலன்னு வண்டியாண்ட குந்திக்கினு அழுதிருக்கேன்."

சிரிப்பு நின்றது. ஷ்ரவணுக்கு வெட்கத்தில் காது சுட்டது. முப்பதாயிரம் பேரில் இப்படி எத்தனை பேர் அழுதார்களோ என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தான்.

"மன்னிச்சுடுங்கக்கா."

"அது கெடக்கட்டும். கைய குடு."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் விரலைக் கம்பிமேல் படுக்கவைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து, நாளெல்லாம் கரிப்பெட்டி தூக்குகிற கையின் பலம் முழுவதையும் அதில் இறக்கினாள். ஷ்ரவண் "ஐயோ!" என்று அலறினான்.

"அடி!"

அலறிக்கொண்டே மறுகையால் அடித்தான். எஃப் கணீரென்று கேட்டது.

"வலிக்குதா?"

"உயிரே போகுதுக்கா."

"ஆங். அத வீடியோல சொல்லு."