முள் இல்லாத தூண்டில்

தூண்டில் நரம்பு நீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, அதன் நுனியில் முள் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஜெயசீலன் மீன் பிடிக்கிறவனைப் போலவே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், துடுப்பை மடியில் சாய்த்தபடி ருக்குமணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்கு நடுவிலுள்ள இந்த நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க வருகிறவர்களுக்குப் படகு வாடகைக்கு விடுவது அவள் வேலை, அதற்கு முன் அது அவள் கணவன் துரைசாமியின் வேலை. சற்று முன் கரையில் படகு கேட்ட குரலிலேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது, மிதவைச் சட்டையை நீட்டினாள், வேண்டாங்க்கா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான், அப்போதுதான் அந்த நுனியைப் பார்த்தாள், பார்த்ததும் தானும் ஏறித் துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

இதே மதகுப் பக்கம்தான், பதினோரு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி மாலை, இல்லை, இப்போதுதானோ, பெரிய மீன் சிக்கிய சந்தோஷத்தில் ஜெயசீலன் எழுந்து நிற்கிறான், படகு கவிழ்கிறது, கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த துரைசாமி டம்ளரை அவள் கையில் கொடுத்து, புடி, வந்தர்றேன் என்று குதிக்கிறான், கவிழ்ந்த படகின்மேல் ஜெயசீலனை ஏற்றிவிடுகிறான், அடியில் கிடந்த பழைய வலை துரைசாமியின் காலைப் பற்றிக்கொள்கிறது, டம்ளர் சுடுகிறது, அவள் கீழே வைக்கவில்லை, மறுநாள் மத்தியானம்தான் உடல் கிடைத்தது. எழவு வீட்டில் ஜெயசீலன் அவள் காலில் விழுந்தான், அவரு குடுத்த உசுருங்க்கா, வீணாக்க மாட்டேன் என்று அழுதான், இரண்டு வருடம் கழித்து மிட்டாயோடு வந்தான், பையன் பொறந்திருக்கான், துரைசாமின்னே பேரு வச்சுட்டேன். எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி அந்தப் பேரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டே அன்று அவள் தூங்கினாள், அதற்கப்புறம் பல நாள் அப்படித்தான் தூங்கினாள்.

பையன் எப்படி இருக்கான் என்று இப்போது கேட்கிறாள்.

போன ஆடியில காய்ச்சலுங்க்கா, நாலே நாள், என்கிறான் தண்ணீரைப் பார்த்து, அந்தப் பேரை நான் ரெண்டாவது தடவையும் தொலைச்சுட்டேன், அன்னைக்கு அவரு என்னைய விட்டிருக்கலாம். இத்தனை வருடம் அவனிடம் சொல்ல அவள் சேர்த்துவைத்திருந்த கோபம் வாய்வரை வந்து, சொல்ல இடமில்லாமல் நின்றது, அந்தப் பேர் இனி யார் வீட்டிலும் இல்லை. நீ குதிச்சா நானும் பொறத்தாலயே குதிப்பேன் என்றாள், எனக்கு நீச்சல் தெரியாது, நம்மளத் தூக்க அந்தக் கரையிலிருந்து எவனாச்சும் குதிப்பான், அவன் வீட்டுலயும் ஒருத்தி இருப்பா, பாத்துக்க.

அவன் கரையைப் பார்த்தான், யார் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவன் தோளில் குழந்தை இருந்தது. அவள் மடியிலிருந்த துடுப்பை எடுத்தான், தாறுமாறாக வலித்தான், படகு வளைந்து வளைந்து போயிற்று, அவள் திருத்தவில்லை.

நாளைக்கு என்னங்க்கா பண்றது என்றான்.

தெரியலப்பா என்றாள், அது உண்மைதான், பதினோரு வருடமாக அவளுக்கும் தெரியவில்லை. படகு கரையில் முட்டி நின்றது, அடுத்து வாடகைக்குக் காத்திருந்தவர்கள் எறங்குங்க, எறங்குங்க என்று சத்தம் போட்டார்கள், இருவரும் இறங்கவில்லை.