மேடையின் இடது பக்கம்

எங்க நாடகக் குழுவில ஓட்டுப் போட கை தூக்குற பழக்கம் கிடையாது. நடக்கணும். சம்மதம்னா மேடையோட இடது பக்கம், வேண்டாம்னா வலது பக்கம். குழுவை ஆரம்பிச்ச அன்னிக்கே எங்க அக்கா போட்ட சட்டம் இது. "கை தூக்கினவன் நாளைக்கு நான் தூக்கவே இல்லைம்பான். நடந்து போய் நின்னவன் அப்படிச் சொல்ல முடியாது"ம்பா. இருபத்திமூணு வருஷமா அக்காதான் தலைவி, அவளுக்கு ஓட்டு இல்லை, நடுவில நின்னு எண்ணுவா. நான் எந்தப் பக்கம் போவேன்னு யாரும் பார்க்கக்கூட மாட்டாங்க. அக்கா மூஞ்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ, அந்தப் பக்கம்.

அக்கா இயக்குநர், நான் நிர்வாகி. பெரிய பதவின்னு நினைச்சுடாதீங்க. லெட்டர் எழுதுறது, அரங்கத்துச் சாவியைக் கட்டிக்கிட்டு அழறது, குழாய்ல தண்ணி வரலைன்னா ஆளைக் கூப்பிடறது, நடிகருங்க முறைச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் பேசி சேர்த்து வைக்கிறது. இதுதான் நிர்வாகம்.

போன மாசம் அறக்கட்டளையிலிருந்து ஒரு லெட்டர் வந்தது. அரங்கக் கட்டடம் அவங்களோடது, வாடகை இல்லாம எங்களுக்கு விட்டிருக்காங்க. இன்னும் அஞ்சு வருஷத்துக்குத் தர்றோம், ஆனா எந்த நாடகம் போடறதுன்னு இனிமே ஒரே ஆள் முடிவு பண்ணக் கூடாது, மூணு பேர் சேர்ந்து பண்ணணும், அதில ரெண்டு பேர் வெளியாளா இருக்கணும்னு எழுதியிருந்தாங்க. முடியாதுன்னா மார்ச்சோட காலி பண்ணணும். படிச்சதும் எனக்குக் கோபம் வரலை. அவங்க கேட்டது நியாயம்தானே! நூத்தி எண்பது நாற்காலியில நாப்பது நிறைஞ்சாலே எங்களுக்குக் கொண்டாட்டம். கடைசி மூணு நாடகமும் காத்து வாங்கிச்சு. "ஜனங்களுக்கு ரசனை போயிடுச்சு"ன்னு அக்கா ஒரே வார்த்தையில முடிச்சுடுவா. ஜனங்க எங்கேயும் போகலை. ரெண்டு தெரு தள்ளி ஒரு கார் ஷெட்டுல சின்னப் பசங்க சேர்ந்து நாடகம் போடறாங்க, டிக்கெட்டுக்குத் தெருமுனை வரைக்கும் வரிசை நிக்குது. அக்காவுக்குத் தெரியாம நானும் போய் அந்த வரிசையில நின்னேன். நல்லா இருந்துச்சு. அதுதான் வயித்தெரிச்சல்.

கூட்டத்துக்கு முன்னாடி பதினோரு உறுப்பினரையும் தனித்தனியா போய்ப் பார்த்தேன். லைட்டுக்காரர் ஏணி மேல இருந்தே "எனக்குச் சம்மதம்மா"ன்னார். டெய்லரம்மா வாயில குண்டூசியை வச்சுக்கிட்டே தலையாட்டினாங்க. எங்க கதாநாயகனுக்கு ஜெனரேட்டர்னு பேரு, ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். "இதை எப்பவோ நானே சொல்லியிருக்கணும் மேடம்"னு முக்கால் மணி நேரம் என் காதைத் தின்னார். ஆக மொத்தம் எட்டுப் பேர் வாக்கு கொடுத்தாங்க. மூணு பேர் மாட்டோம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அவங்க மேல எனக்கு மரியாதைதான்.

ஞாயித்துக்கிழமை காலையில மேடையில கூடினோம். அக்கா லெட்டரை ஒரு வரி விடாம வாசிச்சா. எந்தப் பக்கமும் மூஞ்சியைத் திருப்பலை.

"ம், நடங்க."

நான் இடது பக்கம் நடந்தேன். கால் என்னோடதுதானான்னு சந்தேகமா இருந்துச்சு. போய் நின்னு திரும்பிப் பார்த்தா என் பக்கம் ஒரு ஈ காக்கா இல்லை. பதினோரு பேரும் வலது பக்கம்! அடப்பாவிகளா!

அவங்க மூஞ்சியைப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சுது. என்னை ஏமாத்தணும்னு யாரும் வரலை. "எப்படியும் மத்தவங்க சேர்ந்து ஜெயிக்க வச்சுடுவாங்க, நான் ஒரு ஆளாவது அக்கா மனசு நோகாம நிப்போம்"னு எட்டுப் பேரும் தனித்தனியா நினைச்சிருக்காங்க. லைட்டுக்காரருக்கு முகத்தில ஈயாடலை. ஜெனரேட்டர் வாழ்க்கையிலேயே முதல் தடவையா வாயை மூடிக்கிட்டு நின்னார்.

"நீ ஏன்டி அங்க நிக்கிற?" அக்கா கேட்டா. மெதுவாத்தான் கேட்டா.

"இதே மாதிரி போனா மார்ச்சுக்கு அப்புறம் நிக்கிறதுக்கு இடமே இருக்காதுக்கா. உனக்குப் பிடிச்சதை மட்டும் போடறோம். உனக்குப் பிடிச்சவங்க மட்டும் வர்றாங்க. அவங்களும் இப்ப பாதிப் பேர் வர்றதில்லை. உன்கிட்ட இதை யாரும் சொல்லலை. நானும் சொல்லலை. அது என் தப்பு."

அக்கா விறுவிறுன்னு நடந்து வந்து என் பக்கத்தில நின்னுட்டா. நான் அவ கையைப் பிடிக்கறதுக்குள்ள திமுதிமுன்னு சத்தம். பதினோரு பேரும் அவ பின்னாடியே ஓடி வந்துட்டாங்க, முடியாதுன்னு சொன்ன மூணு பேர் உட்பட. ஜெனரேட்டர்தான் முதல் ஆள்.

அக்கா திரும்பி அவங்களை ஒவ்வொருத்தரா பார்த்தா. "நான் கிணத்துல குதிச்சா நீங்களும் குதிப்பீங்களா?"ன்னா. "அந்த லெட்டர்கூட எனக்கு வலிக்கலை. இது வலிக்குது. இவங்களை இப்படிப் பழக்கினது நான்தானேடி?"

நான் இல்லைன்னு சொல்லலை.

அக்கா படி இறங்கிக் கீழே போனா. முன்வரிசையில இருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து, மேடைக்கு முதுகைக் காட்டிப் போட்டு, வாசலைப் பார்த்து உக்காந்தா.

"இன்னொரு தடவை நடங்க. நான் பார்க்க மாட்டேன். நீயே எண்ணு. யார் எங்கன்னு எனக்குச் சொல்லக் கூடாது."

முதல்ல டெய்லரம்மா செருப்பைக் கழட்டி வச்சுட்டு, சத்தம் வராம நடந்தாங்க. அதைப் பார்த்து எல்லாரும் செருப்பைக் கழட்டினாங்க. பலகை மட்டும் அங்கங்கே முனகிச்சு.

"எத்தனை?" அக்கா கேட்டா.

"ஒன்பது சம்மதம்க்கா. மூணு வேண்டாம்."

அந்த ஒன்பதுல நீ இருக்கியான்னு அவ கேட்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவ தோள் ரெண்டும் ஒரு தரம் ஏறி இறங்கிச்சு.

"சரி. எழுதிக்கோ, தீர்மானம் நிறைவேறுச்சு." கொஞ்சம் நிறுத்திட்டு, "இப்பத் திரும்பலாமா?"ன்னா.

நான் சுத்திப் பார்த்தேன். லைட்டுக்காரர் ஓரத் திரைக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு நிக்கிறார். ஜெனரேட்டர் தேம்பித் தேம்பி அழறார். எனக்கும் கண்ணு தெரியலை. எல்லாரும் இன்னும் அவங்கவங்க நின்ன பக்கத்திலேயேதான் நின்னாங்க.

"இன்னும் ஒரு நிமிஷம் திரும்பாதேக்கா"ன்னேன்.