நின்னுடுச்சு

ஷூ காய்ந்திருக்கிறது. கீழே இறங்கி முற்றம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்கிறவரின் ஷூ எப்படிக் காய்ந்திருக்கும்? இரண்டு நாளாக இந்தக் கட்டடத்தில் எதுவும் காயவில்லை. கொடியில் போட்ட துண்டு காயவில்லை, நோட்டின் தாள் காயவில்லை, என் பின்னல் கூடக் காயவில்லை. இவர் ஷூ மட்டும் பளபளவென்று இருக்கிறது.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அப்படியா சார்" என்று மட்டும் சொன்னேன்.

"கணுக்கால் அளவுதாம்மா தண்ணி. சும்மா எல்லாரும் பயந்து சாகுறாங்க," என்றார் மேனேஜர். என் மேஜை ஓரத்தில் கையை ஊன்றி நின்றார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

நான் இந்த மீன் கம்பெனியில் டெலிபோன் பார்க்கிறவள். மூன்றாவது மாடியில், பேக்கிங் ஹாலை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அறை என்னுடையது. ஒரு போன், வருகிற செய்தியை எழுத ஒரு நோட்டு, ஹால் ஸ்பீக்கரில் பேச ஒரு மைக். ஷிப்டு மாறுவதையும், யார் வீட்டிலிருந்து யாருக்குப் போன் வந்திருக்கிறது என்பதையும் பன்னிரண்டு வருஷமாக அந்த மைக்கில்தான் சொல்லி வருகிறேன். பிள்ளை பிறந்ததைச் சொல்லியிருக்கிறேன். அப்பா போய்விட்டதை மட்டும் சொல்ல மாட்டேன், ஆளைத் தனியாகக் கூப்பிடுவேன். அதனால் என் குரலில் கூப்பிட்டாலே சிலர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

கரையோரத்து வீடுகளை விட்டு அறுபது பேர் நேற்றுக் காலையில் இங்கே ஏறி வந்திருந்தார்கள். மீன் வெட்டுகிற பெண்கள், லோடுமேன்கள், அவர்களுடைய குழந்தைகள். கான்கிரீட் கட்டடம் என்பதால் வந்தார்கள். கம்பெனி மேல் பிரியம் இருந்து யாரும் வரவில்லை.

வந்தோமா அடித்தோமா போனோமா என்று இருக்கிற புயல் இல்லை இது. வானிலை ஆபீஸிலிருந்து ஒருவர் இரண்டு மணிக்கு ஒரு தரம் போன் செய்வார். பாவம், கடுமையான ஜலதோஷம் அவருக்கு. "மணிக்கு நாலு கிலோமீட்டர்தான் நகருது. நடந்து போற மனுஷன் அதை முந்திடலாம்," என்று நேற்றே சொன்னார். நான் ஹாலில் சொன்னபோது ரேடியோ அக்கா எழுந்து நின்று, "என் மாமியார் மாதிரி. வர்றேன் வர்றேன்னு வரும், வந்தா கிளம்பாது," என்றாள். எந்தச் செய்தியும் அவளிடம் போனால் நாலு தெருவுக்குப் போய்விடும் என்பதால் அந்தப் பெயர். நேற்று மத்தியானம் வரைக்கும் அவள் பேச்சுக்குச் சிரிக்க முடிந்தது.

அதற்குப் பிறகு சிரிப்பில்லை. காற்றின் சத்தம் ஏறி ஒரு இடத்தில் நின்று, அதே சுருதியில் மணிக்கணக்காக இருந்தது. முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் பயந்தோம். பயத்துக்கும் களைப்பு உண்டு என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. களைத்த பிறகு அது உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது, எழுப்பினால் கடிக்கிறது. ஒரு பெண் தன் பிள்ளையைக் காரணமே இல்லாமல் அறைந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஏதோ ஓடுவது தெரிந்தது. படிக்கட்டுக் கதவின் சாவித் துவாரம் வழியாகத் தண்ணீர் நூல் மாதிரிப் பீய்ச்சியது. ஒரு துளி என் உதட்டில் பட்டது. உப்புக் கரித்தது. மூன்றாவது மாடியில் கடல்.

சாயங்காலம் மேனேஜர் மைக்கைத் தாமே வாங்கி, "மொட்டை மாடி ஷெட்டு உறுதியா இருக்கு, நானே போய்ப் பார்த்தேன், யாரும் பயப்பட வேண்டாம்," என்று பேசினார். பத்து நிமிஷத்தில் அந்த ஷெட்டு கிழிந்து பறந்தது. தகரம் ஒவ்வொன்றாகப் பிரியும் சத்தத்தை நாங்கள் எண்ணிக்கொண்டே இருந்தோம். அதிலிருந்து அவர் வாயைத் திறந்தால் ஹாலில் அறுபது பேரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

இன்று பதினொரு மணிக்குமேல் காற்று விழுந்தது. குறையவில்லை, விழுந்தது. கயிறு அறுந்த வாளி மாதிரி. காதுக்குள் இன்னும் அந்தச் சத்தம் இருக்க, வெளியே எதுவும் இல்லை. தெருப் பக்கத்து ஜன்னலில் அடித்திருந்த பலகை இடுக்கில் பார்த்தேன். வானம் திறந்து ஒரு மஞ்சள் வெளிச்சம். எதிர்க் கடையின் மாடிச் சுவரில் கடற்பறவைகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் பலகையைத் தட்டினேன். ஒன்றுகூட அசையவில்லை.

அப்போதுதான் மேனேஜர் அந்த ஷூவோடு வந்து நின்றார். அவருக்கு வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. மைக் மட்டும் லாரி பேட்டரியில் ஓடுகிறது. முதல் மாடிக் குளிர் அறைகளில் உள்ள மீன் கெட ஆரம்பித்திருக்கும். ஜெனரேட்டர் முற்றத்துக்கு அந்தப் பக்கம், தனிக் கொட்டகையில். நாலைந்து பேர் இறங்கிப் போய் டீசல் டிரம்மை உருட்டிப் போட்டால் ஓட்டிவிடலாம். காலையிலிருந்து கேட்கிறார், யாரும் இறங்கவில்லை.

போன் அடித்தது.

"மீன் கம்பெனியா? எழுதிக்குங்க," என்றது ஜலதோஷக் குரல். "புயல் நின்னுடுச்சு."

எழுதினேன். எழுதியதைத் திருப்பிச் சொல்வது எங்கள் தொழில் வழக்கம். ஆறு என்றது ஏழு என்று காதில் விழுந்திருந்தால் அங்கே பிடிபடும். "புயல் நின்னுடுச்சு," என்று திருப்பிச் சொன்னேன். "சரி," என்றார், வைத்துவிட்டார்.

என் கண்ணில் நீர் வந்தது. வாசலில் என் கணவர் வந்து நின்றிருந்தார். இங்கே ஐஸ் மெஷின் மெக்கானிக் அவர். மெஷின் நின்றதிலிருந்து சாப்பாடு இறங்காத மனுஷன்.

"என்னவாம்?"

"நின்னுடுச்சாம்ங்க."

"அப்பாடா," என்றார். முகம் முழுக்கச் சிரித்தார். "ஸ்பேனர் எடுத்துட்டு ஆளுங்களைக் கூப்பிடுறேன் சார்," என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஹாலுக்கு ஓடினார்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல," என்றார் மேனேஜர்.

சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு உறுத்தியது. நல்ல செய்தி சொல்கிறவன் இப்படிச் சட்டென்று போனை வைப்பானா? இரண்டு நாளாகத் தூங்காதவன், ஒரு பெருமூச்சாவது விடமாட்டானா? அந்தக் குரலில் நிம்மதியே இல்லையே.

நான் சந்தேகப் பிறவி. அதை மறைத்துப் பயனில்லை, கம்பெனிக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கணவர் எங்கோ போய் வாசனையோடு திரும்புகிறார் என்று பின்னாலேயே போனேன். சலூனில் உட்கார்ந்து மீசைக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ அக்காவின் தம்பிதான் அந்தச் சலூனில் வேலை செய்கிறவன். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் நான் எதையாவது கூர்ந்து பார்த்தால், "மீசையைப் பாக்குறியா அக்கா?" என்பார்கள்.

இருந்தாலும் போனைச் சுழற்றினேன். நாலாவது தடவை கிடைத்தது.

"சார், நின்னுடுச்சுன்னா, முடிஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?"

அந்தப் பக்கம் ஒரு தும்மல். "முடிஞ்சிடுச்சுன்னு யாரும்மா சொன்னது? நின்னுடுச்சு. நகரல. உங்க தலைக்கு மேலதான் நிக்குது, நடுப்பகுதி. அதான் காத்து இல்ல. எப்ப நகரும்னு எனக்கே தெரியாது. அஞ்சு நிமிஷமும் ஆகலாம், அஞ்சு மணி நேரமும் ஆகலாம். நகர்ந்தா எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும். தண்ணியும் கூடவே வரும். யாரையும் கீழ இறக்காதீங்க."

திருப்பிச் சொன்னேன். "சரி," என்றார். அதே சரி.

மழை நின்றுவிட்டது என்றால் மழை போய்விட்டது. ஆள் நின்றுவிட்டான் என்றால் ஆள் போகவில்லை. சின்ன வயசிலிருந்து பேசுகிற சொல், ஒரு நாளும் என்னை இப்படி ஏமாற்றியதில்லை. திருப்பிச் சொல்லி என்ன? அவர் சொன்னதைத்தான் சொன்னேன், நான் சொன்னதைத்தான் அவர் கேட்டார். நடுவில் என் கணவர் ஸ்பேனர் எடுக்கப் போய்விட்டார்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். முதலில் வெளுக்கத்தான் செய்தது. அப்புறம் தலையைச் சாய்த்து என் நோட்டைப் பார்த்தார். மேல் வரியில் விரலை வைத்தார்.

"முதல்ல சொன்னது இதுதானே? புயல் நின்னுடுச்சு."

"ஆமா சார். அதுக்கு அர்த்தம்..."

"அர்த்தம் இருக்கட்டும்மா. அஞ்சு மணி நேரம்னும் சொன்னாருல்ல? நமக்கு அரை மணி போதும்."

"அஞ்சு நிமிஷம்னும் சொன்னாரு."

"அவங்க எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டாத்தான் சொல்லுவாங்க. நாளைக்கு அவங்க தலை உருளக் கூடாதுல்ல."

என் கணவர் திரும்பி வந்தார். கையில் ஸ்பேனர், முகத்தில் எரிச்சல். "ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டேங்குறான். டெலிபோன் அக்கா மைக்குல சொல்லட்டும், இறங்குறோம்ங்குறாங்க. சொல்லிடு, போறோம்."

"என்னங்க, நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அது போகல. தலைக்கு மேல நிக்குதாம்."

"இப்பதானே நின்னுடுச்சுன்ன?"

"நின்னுடுச்சுதான். நகராம நின்னுடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், சலூன் வாசலில் பார்த்த பார்வை. "நிமிஷத்துக்கு ஒரு பேச்சா? வெளில எட்டிப் பாரு, இலை அசையல."

"அதானே," என்றார் மேனேஜர். "முற்றத்துல கணுக்கால் அளவு தண்ணி. நானே இறங்கிப் பாத்தேன்."

"இறங்கினீங்கன்னா ஷூ நனைஞ்சிருக்குமே சார்," என்றேன். வாய் தவறித்தான் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "காஞ்சிடுச்சு," என்றார்.

என் கணவரும் பார்த்தார். ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி சார், மைக்குல சொல்றேன்," என்றேன். "அவர் சொன்ன எல்லாத்தையும் சேத்துச் சொல்றேன். நின்னுடுச்சு, நகரல, மறுபக்கம் வரும், எப்பன்னு தெரியாது. கேட்டுட்டு இறங்குறவங்க இறங்கட்டும்."

"அதெல்லாம் வேண்டாம்மா. குழந்தைங்க இருக்கு, பயந்துடுவாங்க." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டே வார்த்தை. புயல் நின்னுடுச்சு. அவ்வளவுதான். பொய்யா சொல்லச் சொல்றேன்? நோட்டுல நீங்களே எழுதியிருக்கீங்க."

அது பொய் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பொய்யாக இருந்தால் எளிதாக இருந்திருக்கும். நேற்றிலிருந்து சுவருக்குச் சுவர் ஒட்டிக் கிடக்கிற அறுபது பேர் அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறார்கள். என் குரலில் கேட்டால் நாலு பேர் மட்டுமா இறங்குவார்கள்? ரேடியோ அக்கா தன் வீடு இருக்கிறதா என்று பார்க்க ஓடுவாள். பிள்ளையை அறைந்த பெண் அதற்குப் பரிகாரமாக அதைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்தில் நிற்பாள். என் கணவர் முற்றத்தின் நடுவில் இருப்பார், டிரம்மைக் குனிந்து தள்ளிக்கொண்டு, முதுகைக் கடல் பக்கம் காட்டி.

அல்லது ஐந்து மணி நேரம் ஒன்றுமே ஆகாது. அதையும் நினைத்துப் பார்த்தேன். ஜெனரேட்டர் ஓடியிருக்கும், மீன் பிழைத்திருக்கும். என்னால்தான் எல்லாம் போயிற்று என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். மீசைக் கதைக்குப் பக்கத்தில் இன்னொரு கதை. இது என் பழைய நோயா, இல்லை நிஜமான எச்சரிக்கையா? உள்ளே தேடினேன். இரண்டுக்கும் ஒரே குரல்தான். எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. யாருக்கும் வேறு குரல் வருகிறதா என்று எனக்குத் தெரியாது.

"நீ சொல்லலேன்னா எவனும் வரமாட்டான்," என்றார் என் கணவர். இப்போது குரலில் எரிச்சல் குறைந்து, கெஞ்சல் இருந்தது. "ஒத்தை ஆளா நான் என்ன பண்றது? டிரம்முக்கே ரெண்டு பேர் வேணும். மெஷின் செத்துடும்."

"தெரியும்ங்க."

ஹாலில் யாரோ, "அக்கா என்ன சொல்றா?" என்று கேட்பது காதில் விழுந்தது. இன்னொருத்தி "உஷ்" என்றாள். அறுபது பேரும் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

மேனேஜர் மைக்கை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவருடைய சட்டைக் காலர் வியர்வையில் ஊறியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அவருக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள், அவர்களிடம் பதில் சொல்ல வேண்டும். பாவமாகக்கூட இருந்தது.

"உங்களைக் கேட்டுக்குறேம்மா," என்றார். "ரெண்டு வார்த்தை."

"முழுசா வேணும்னா சொல்றேன் சார்," என்றேன். "அந்த ரெண்டை மட்டும் நான் சொல்ல மாட்டேன்."